நீல ஜாடி வைத்த இடம்

ஜாடியைச் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது. நிறையப் பேர் அந்தத் தப்பைச் செய்கிறார்கள். ஒரு முழமாவது தள்ளி வைத்தால்தான் அதற்கு ஒரு நிழல் கிடைக்கும், நிழல் விழுந்தால்தான் அதன் வளைவு கண்ணுக்குத் தெரியும். உங்கள் மேசையில் பிளாஸ்டிக் ரோஜா செருகிய பாட்டில் ஒன்று ஃபைலுக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறதே, அதை ஜன்னல் பக்கம் கொஞ்சம் நகர்த்தினால் இந்த ஸ்டேஷனுக்கே ஒரு களை வந்துவிடும். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கண்ணில் பட்டதைச் சொல்லாமல் இருக்க எனக்கு வராது.

நீங்கள் கேட்டதும் ஜாடியைப் பற்றித்தான், இன்ஸ்பெக்டர் அம்மா. சட்டையில் பிரகதீஸ்வரி என்று பெயர் பார்த்தேன். புதுக்கோட்டை அம்பாளின் பெயர் மாதிரி. அவளிடம் சொல்வதாகவே நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்கிறேன். ஜாடிக்கு முன்னால் திரையைச் சொல்ல வேண்டும்.

என் பெயர் உண்ணாமலை. அரிமளத்துப் பக்கம் சீனாத் திரை வீடு என்றால் ஆட்டோக்காரர்களுக்குத் தெரியும். முன்பெல்லாம் அது பாத்ரூம் சாமான் கடைக்காரர் வீடு. திருமயத்தில் என் வீட்டுக்காரர் அந்தக் கடையை வைத்திருந்தார். அவர் பெயரையும் நான் சொன்னால்தான் ஆயிற்று என்கிறீர்கள். ஆத்மநாதன். கல்யாணமாகி இத்தனை காலத்தில் இன்றுதான் வாயைத் திறந்து சொல்கிறேன். மனசுக்கு ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது.

என் மாமனாரின் அப்பா சைகோனில் தொழில் செய்தபோது கப்பலில் கொண்டு வந்தது அந்தத் திரை. ஆள் உயரத்துக்கு ஆறு மடிப்பு. கறுப்பு அரக்குப் பூச்சில் தங்க நிறத்தில் ஒரு குளம், குளத்தின்மேல் வளைந்த பாலம், பாலத்தில் விசிறியோடு நிற்கும் பெண்கள், கரையில் நாரைகள். பெண்களின் முகமெல்லாம் சிப்பியில் இழைத்தவை. விளக்கைப் பக்கத்தில் கொண்டுபோனால் ஒவ்வொருத்தியும் நம்மைத் திரும்பிப் பார்ப்பாள். நான் வாக்கப்பட்டு வந்தபோது அது எங்கே நின்றது தெரியுமா? மாட்டுக் கொட்டிலில், மழைச் சாரலுக்கு மறைப்பாக. அதைப் பஞ்சால் துடைத்துத் துடைத்து வீட்டுக்குள் கொண்டு வந்தவள் நான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. திரை இருந்தது.

என் வீட்டுக்காரர் அதைத் திரை என்று ஒருநாளும் சொன்னதில்லை. தட்டி என்பார். கடையிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றி அதன் மூலையில் மாட்டுவார். டால்பின் படம் போட்ட டைல்ஸை வாசலில் பதித்துவிட்டு, எப்படி என்று என்னையே கேட்ட மனிதர். அவரிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும். ஆனால் நல்லவர். நான் திட்டினால் சிரிப்பார்.

அவர் கடையை விட்ட பிறகு வீட்டின் அறைகளை வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விட ஆரம்பித்தோம். அப்போதுதான் எனக்கு அலங்காரம் பிடிபட்டது. ஒரு நல்ல சீனப் பொருளைக் கூடத்தில் வைத்துப் பாருங்கள், பக்கத்தில் இருக்கும் மற்றதெல்லாம் அழுக்கு வேட்டி கட்டிக்கொண்டு நிற்பதுபோலத் தெரியும். முதலில் பிளாஸ்டிக் நாற்காலி போயிற்று. பிறகு நாள்காட்டி, டிவி, அவருடைய சாய்வு நாற்காலி. அந்த இடங்களில் மூங்கிலும் குருவியும் எழுதிய பலகைகளை மாட்டினேன். காரைக்குடிப் பழம்பொருள் கடையில் இடுப்பளவு உயரத்தில் நீல ஜாடி ஒன்று கிடைத்தது. வந்த அன்றே அதில் குடையைச் செருகி வைத்தார். விருந்தாளிகளிடம் என்னைக் காட்டிச் சொல்வார்: "சீனாக்காரிக்கு வாக்கப்பட்டுட்டேன் தம்பி. சோத்துக்குக் குச்சியக் குடுக்காம விட்டாளே, அதுவே பெரிசு." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். குடையை மட்டும் எடுத்துவிடுவேன்.

பிறகு பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு குழறிவிட்டது. வீட்டின் உள்பக்கம், இரண்டாங்கட்டு அறையில் படுக்கட்டும் என்றேன். கேட்கவில்லை. "இங்கிட்டே கெடக்கேன். தெருவப் பாத்துக்கிட்டு" என்று குழறிக் குழறிச் சொன்னார். காற்றோட்டம் வேண்டும் என்று டாக்டரும் ஒத்து ஊதினார். ஆக, கூடத்து மூலையில், குருவிப் பலகைகளுக்குக் கீழே, ஆஸ்பத்திரி இரும்புக் கட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது. பச்சைப் பெயிண்ட் அடித்த கட்டில். நீங்களே சொல்லுங்கள்.

தங்க வந்த பிரெஞ்சு அம்மாள் ஒருவர் காப்பிக் கோப்பையோடு கூடத்துக்கு வந்தார், கட்டிலைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அதற்குப் பிறகு வந்தவர்களும் அப்படியே. வருகிறவர்கள் குரலைத் தாழ்த்த ஆரம்பித்தால் அந்தக் கூடத்தில் அழகு இருந்து என்ன பயன். எனக்கு அவமானமாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

அதனால் திரையைக் கொண்டுபோய் மூலையை அடைத்தாற்போல் நிறுத்தினேன், இரண்டு ஓரமும் இரண்டு சுவரைத் தொடும்படி. உள்ளே போக வேண்டுமென்றால் கடைசி மடிப்பைத் திறந்துகொண்டு போக வேண்டும். தெரு தெரியாமல் போய்விட்டதே என்று பிச்சையம்மாள் சொன்னாள். அவள்தான் அவரைக் குளிப்பாட்டி, சோறூட்டிப் பார்த்துக்கொண்டவள். திரையின் பின்பக்கத்தில் ஒரு கிளையும் ஒரு குருவியும் உண்டு. முன்பக்கத்தை விருந்தாளிகளுக்கு விட்டுவிட்டுப் பின்பக்கம் முழுவதையும் அவருக்கே கொடுத்திருந்தேன். நான் எந்தக் கதவையும் பூட்டவில்லை, அம்மா. அது வெறும் திரை.

அவருக்குத்தான் பிடிக்கவில்லை. "தட்டிய எடு, தட்டிய எடு" என்று விளங்கும் கையால் திரையைத் தட்டினார். அப்படித் தட்டியதில் பாலத்தின் நடுவில் நின்ற பெண்ணின் முகம் கழன்று விழுந்துவிட்டது. பல்லி முட்டை அளவுகூட இருக்காது அந்தச் சிப்பி. திரைக்கு அடியில் உருண்டு கட்டிலுக்குக் கீழே போயிருந்ததைப் படுத்துத் தேடி எடுத்து, மறுபடி ஒட்டி வைத்தேன். அன்று உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவருக்காக அழுகிறேன் என்று நினைத்துப் பிச்சையம்மாள் என் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

மறுநாள் அவர் கைக்கு எட்டாதபடி கட்டிலை உள்ளே தள்ளிப் போட்டேன். எவர்சில்வர் டம்ளரால் கட்டில் கம்பியைத் தட்ட ஆரம்பித்தார். பிளாஸ்டிக் டம்ளராக மாற்றினேன், கைக்கும் கனமில்லை. குரல் கொடுத்துப் பார்த்தார். கூடத்தில் வீணை வாசிப்பைப் போட்டுவிட்டேன். விருந்தாளிகளுக்கு அது ரொம்பப் பிடித்தது. நான் செய்த ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருந்தது, யோசித்துப் பாருங்கள்.

பிச்சையம்மாள் ஒருநாள் சொன்னாள்: "ஆச்சி, அய்யா பாவம். ரெண்டு மடிப்பையாச்சும் தொறந்து வைங்க. மனுச மொகத்தப் பாக்கட்டும்."

"ஒன் மொகத்தத்தான் தெனமும் பாக்குறாருல்ல. அந்த அழகு போதாதா அவுகளுக்கு?" என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டாள். வெகுளி.

இப்போது படம் எடுத்த கதைக்கு வருகிறேன். வீட்டு அலங்காரப் பத்திரிகை ஒன்றிலிருந்து, அட்டைப் படத்துக்கு எங்கள் கூடம் வேண்டும் என்று கேட்டார்கள். அட்டைப் படம். மாட்டுக் கொட்டிலில் கிடந்த திரைக்கு. பிச்சையம்மாளின் மகளுக்குக் கறம்பக்குடியில் பிரசவ நேரம். போகத் தயங்கினாள். "போயிட்டு வா, அவுகள நான் பாத்துக்கிறேன்" என்று நான்தான் அனுப்பி வைத்தேன். பச்சைப் புடவையும் மூக்குத்தியுமாக அவள் குறுக்கும் நெடுக்கும் நடந்தால் படம் என்னத்துக்கு ஆகும்.

காலையில் அவருக்கு ஒரு இட்லியும் தண்ணீரும் கொடுத்துவிட்டுத் திரையை மூடினேன். படக்காரர் வெற்றிசெல்வன் சின்ன வயசு, மரியாதையான பையன். விளக்குகளை நிறுத்தி, ஒவ்வொரு மடிப்பின் சாய்வையும் முன்னாலிருந்தே சரிபார்த்துவிட்டு, திரையின் கால்கள் நிற்கும் இடத்தில் எல்லாம் தரையில் டேப் ஒட்டினார்.

"ஆச்சி, படம் முடியிற வரைக்கும் இந்தத் திரை இப்படியே நிக்கணும். லைட்டெல்லாம் இந்த மடிப்புக்குத்தான் வெச்சிருக்கேன். ஒரு விரல் நகந்தாலும் மொதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

"பின்னாடி என்ன இருக்கு?" என்றும் கேட்டார்.

"பழைய சாமான்" என்றேன்.

பூக்கள் ஆடக் கூடாதென்று மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். சித்திரை மாதம். வெயில் போதாதென்று விளக்குச் சூடு வேறு. மத்தியானம் வீணையை நிறுத்தியிருந்தபோது உள்ளேயிருந்து "தண்ணி" என்று கேட்டது. குழறவே இல்லை. பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் அவ்வளவு தெளிவாகப் பேசி நான் கேட்டதில்லை. எனக்கு உள்ளூரச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"யாரு ஆச்சி?" என்றார் வெற்றிசெல்வன்.

"பழைய வீடு தம்பி. வெயில் ஏறினா மரம் இப்படித்தான் மொனகும்."

வேலை அன்றே முடியவில்லை. அவர்கள் திருமயத்தில் தங்கிவிட்டு மறுநாள் வந்தார்கள். அன்று ராத்திரி திறந்து தண்ணீர் கொடுத்திருக்கலாமே என்கிறீர்கள். நானும் மடிப்பில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன், சொல்லாமல் இருக்க மாட்டேன். ஆனால் டேப் காலைத்தான் காட்டும், மடிப்பின் சாய்வைக் காட்டாது. மறுபடி அப்படியே நிறுத்த என்னால் முடியுமா? அத்தனை பேரின் உழைப்பு. அவரும் காலையிலிருந்து நான்கைந்து தடவைதான் கூப்பிட்டிருந்தார். அவசரம் என்றால் இன்னும் கூப்பிட்டிருப்பார் அல்லவா.

மறுநாள் சாயங்காலம் வேன் கிளம்பியதும் கடைசி மடிப்பைத் திறந்தேன். முதலில் அந்த நடுப்பெண்ணின் முகம் பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. அப்புறம் அவரைப் பார்த்தேன். கட்டிலில் இல்லை. திரையை ஒட்டித் தரையில் கிடந்தார். தூக்கத்திலேயே போய்விட்டார் என்று எல்லோருக்கும் சொன்னேன். யாரும் சந்தேகப்படவில்லை. செய்தி கேட்டுக் கறம்பக்குடியிலிருந்து ஓடிவந்த பிச்சையம்மாள் அவர் முகத்தைத் துடைக்கப் போனவள், காய்ந்து வெடித்த உதட்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். வந்திருந்த ஊர்ச் சனத்துக்கு நடுவில் கேட்டாள்:

"அய்யாவுக்குக் கடைசியா ஒரு வாய்த் தண்ணி யாரு குடுத்தா ஆச்சி?"

வெகுளி என்று சொன்னேனே, அதைத் திருத்திக்கொள்கிறேன். உங்களைக் கூட்டி வந்தவள் அவள்தான்.

இப்போது நீங்கள் என் முன்னால் வைத்திருக்கும் இரண்டு படங்கள். இரண்டும் அந்த இரண்டாம் நாள் எடுத்தவை. ஒன்றில் திரைக்கு முன்னால் ஜாடி இல்லை, இன்னொன்றில் இருக்கிறது. ஜாடி இல்லாத படத்தைப் பெரிதாக்கி, திரைக்குக் கீழே நாலு விரல் இடைவெளி இருக்கிறதே, அந்த இடத்தில் வட்டம் போட்டிருக்கிறீர்கள். "கீழ ஏதோ வெளிறுனாப்ல தெரியுதே" என்று வெற்றிசெல்வனும் அன்று கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். நான் போய்க் குனிந்து பார்த்தேன். மூன்று விரல்கள். விளங்கும் கையின் விரல்கள். புரண்டு படுக்கவே ஆள் தேடிய மனிதர், கட்டிலிலிருந்து இறங்கி அவ்வளவு தூரம் வந்திருந்தார். பிச்சையம்மாள் பார்த்திருந்தால் கைதட்டியிருப்பாள்.

விரல்கள் அசைந்துகொண்டிருந்தன. ஆம், உயிர் இருந்தது. எனக்குத் தெரியும். இதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

நான் நீல ஜாடியை நகர்த்திக்கொண்டு வந்து அந்த விரல்களுக்கு முன்னால் வைத்தேன். வெற்றிசெல்வன் நிமிர்ந்து பார்த்தார். "இதுதான் ஆச்சி, இதுதான் இவ்வளவு நேரமும் குறைஞ்சுது" என்றார். அந்தப் படம்தான் அட்டையில் வந்திருக்கிறது. பாலத்துக்கு நேர் கீழே நீலம் விழுந்ததும் குளத்துக்கே தண்ணீர் வந்ததுபோல இருக்கிறது, பாருங்கள். ஆனால் உள்ளே, அலங்காரம் என்று போட்டு வெற்றிசெல்வன் பெயரை அச்சடித்திருக்கிறார்கள். எனக்கு அது வலித்தது. ஜாடியைத் தான் தொடவே இல்லை என்று அவர் உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். நல்ல பையன். உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். நீங்களும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்த ஜாடியை அங்கே வைத்தது நான்தான். அந்த யோசனை வேறு யாருடையதும் இல்லை.

ஒரு முழம் தள்ளி வைக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த இடத்தில் சரிப்படவில்லை. ஒட்டித்தான் வைக்க வேண்டியிருந்தது. ஆனாலும் விரல்மேல் படாமல் பார்த்துத்தான் வைத்தேன், அம்மா. அவருக்கு வலி தாங்காது.