சம்மதம்னு ஒரு பட்டன்

கையெல்லாம் வலிக்கலீங்க அம்மணி. போனச் சன்னலோரமாப் புடிச்சாத்தான் வானத்துல இருக்கற சாட்டிலைட்டுக்கு நல்லாக் கண்ணு தெரியுமாம், என்ற மகன் சொன்னான். மடியில வெச்சா சித்தெ நேரத்துல எடம் மாறிக் காட்டுமாம். அய்யோ, வீடியோ எல்லாம் எடுக்கலீங்க, பயப்படாதீங்க. போனு இருக்கற எடத்தக் காட்டறதுங்க இது.

திருட்டுப் போன போனத் தேடறதா? அது வேறீங்க. இது பத்திரமா இருக்கற போனத் தேடறது. சிரிக்காதீங்க, நெசமாத்தான். நம்ம பக்கம் ஒரு சாமான் காணாமப் போச்சுன்னா என்ன பண்ணுவோம்? மாசாணியாத்தா கோயிலுக்குப் போயி மொளகா அரைச்சுக் கல்லுல பூசிப்போட்டு வருவோம். எடுத்தவனுக்குக் கைகாலு எரிஞ்சு அவனாக் கொண்டாந்து வெப்பான். இல்லீன்னா நம்ம கைதான் ரெண்டு நாளைக்கு எரியும். இப்ப அதெல்லாம் வேண்டியதில்லீங்க. காசும் இல்ல, மொளகாயும் இல்ல. நா இன்ன எடத்துல இருக்கறேன்னு போனு அதுவாவே சொல்லீருது.

ஆமாங்க, நா போறதும் அந்தக் கோயிலுக்குத்தான். பொள்ளாச்சி போயி ஆனமலைக்கு வண்டி மாறோணும். மொளகா அரைக்கறதுக்கில்ல. சும்மா போறேன்.

உங்க புள்ள கோயமுத்தூருல ஆஸ்டல்லயா இருக்கறா? ஓ, அதுக்குத்தான் இத்தன கேக்கறீங்களா. அவ போனுலயும் போடலாமுங்க, ஓசிதான். தொலைஞ்ச போனக் கத்த வெக்கறதுக்குக் கூட ஒண்ணு இருக்குது. எங்கூட்டுக்காரரு ஒருக்கா போன வெக்கப்போருக்குள்ள உட்டுப்போட்டு, சத்தமே வராதமாதர வேற வெச்சிருந்தாரு. மருமக அவ போனுல என்னமோ அமுக்குனா. போருக்குள்ளிருந்து அது கத்துன கத்துக்கு எருமை கயித்த அத்துட்டு ரோட்டுக்குப் போயிருச்சு. போனு கெடைச்சுது, எருமையத் தேடறதுக்குப் பொழுது எறங்கிப் போச்சு.

நமக்குக் கேரளாவுல கொல்லங்கோடு பக்கமுங்க. மாந்தோப்பு, கொஞ்சம் தென்னை. பூபதிராஜான்னு ஒரே பையன், சார்ஜாவுல கணக்கு வேலை. போன ஆடிக்கு லீவுல வந்தவன் பொண்டாட்டிக்குப் புதுப் போனு வாங்கியாந்தான். மருமக பேரு மௌனிகாங்க, காலேசு முடிச்ச புள்ள. குடுத்த கையோட அதத் திருப்பி வாங்கி, கூடத்துல உக்காந்து என்னமோ நோண்டுனான். என்ன கண்ணு பண்றேன்னேன். இதுல சும்மா ஆரும் ஆரையும் பாத்துர முடியாதும்மா, போனுக்கு உரியவங்க சம்மதம் குடுத்தாத்தான் காட்டும்னான். பரவால்லியே, மரியாதை தெரிஞ்ச மிசினா இருக்குதேன்னு நெனச்சேன். அந்தப் புள்ள உள்ளார தோசை சுட்டுட்டு இருக்கறா. போனு சம்மதமான்னு கேக்க, இவனே அமுக்கிப்போட்டு, முடிஞ்சுதும்மாங்கறான்.

எனக்கு ஒண்ணும் புதுசாத் தெரியலீங்க. அவளப் பொண்ணு பாக்கப் போனப்பவும் இதே கூத்துதான். பொண்ணுக்குச் சம்மதமான்னு நாங்க மொறையாத்தான் கேட்டோம். அவ உள்ளார காப்பி ஆத்திட்டு இருந்தா. சித்தப்பன் ஒருத்தரு, வாயி நெறைய வெத்தலை, சம்மதம் சம்மதம்னு அவரே சத்தம் போட்டாரு. அவரு இந்தப் போனுக்குள்ள பட்டனாப் பொறந்திருக்க வேண்டிய ஆளுங்க.

கேளுங்க, இன்னும் இருக்குது. புருசன் பேர நாங்க வாயில சொல்றதில்ல, உங்களுக்குந் தெரியுமில்ல. இந்தக் காலத்துப் புள்ளைங்க போனுலயும் எழுதறதில்ல போல. மாமான்னு போட்டு வெச்சிருக்கறா. மாமனாரும் அவளுக்கு மாமாதான? அவரு பேரும் மாமான்னுதான் இருக்குது. இவன் என்ன பண்ணான், பொண்டாட்டி போனுல மாமான்னா அது தானேதான்னு கெத்தா மேல இருந்தத அமுக்கிப்போட்டு ஏரோப்பிளேன் ஏறீட்டான். மௌனிகா எங்க இருக்கறாங்கற சேதி சார்ஜாவுக்குப் போகல. கட்டுத்தறியில எருமை கறந்துட்டிருந்த எங்கூட்டுக்காரருக்கு வந்துச்சு.

அவரு என்னையக் கூப்பிட்டு, இதென்ன புள்ள, நம்ம மருமக மூஞ்சி ரோட்டு மேல நிக்குதுங்கறாரு. பாத்தா, கண்ணாலத்துல எடுத்த போட்டோ வட்டத்துக்குள்ள இருக்குது, வட்டம் ரேசன் கடைக்கு முன்னால நிக்குது. சார்ஜு எத்தன இருக்குதுன்னு கூட அதுல போட்டிருக்குது. போனு பட்டினி கெடந்தா அவனுக்குத் தெரியுமுங்க. அவ உண்டாளா இல்லியான்னு ஒரு நாளும் கேட்டதில்ல.

பொறகு அவனுக்கு விசயந் தெரிஞ்சு, அங்கிருந்தே அவள வைது, சரியான மாமனுக்கும் அமுக்க வெச்சான். தப்பான மாமனுக்குப் போறத நிறுத்த மறந்துட்டான். அதனால அன்னீலிருந்து ரெண்டு மாமனுக்கும் அவ தெரியறா.

அதுக்கு மேல அந்தப் புள்ள பட்ட பாட்டச் சொல்லி முடியாதுங்க. ரேசன் கடையில நின்னா இத்தன நேரம் என்னம்பான். பஞ்சாயத்து ஆபீசுக்கு வரி கட்டப் போனா ஆரு கூடப் போனேம்பான். கேட்டா, பாசம்ங்கறான். எருமையக் கட்டறதுன்னாக் கூட நாலெட்டு மேயட்டும்னு கயித்த நீளமா உடுவோமுங்க.

இல்லீங்க, அவ எதுத்துப் பேச மாட்டா. அதனாலதான் எனக்கே சந்தேகம் வந்துச்சு. எங்கூட்டுக்காரரு போனுல பாத்தா, மத்தியானம் திரும்புனா அவ வட்டம் மோட்டார் ரூமுக்குப் பொறகால போயி நின்னுக்குது. தெனமும். பொய் எதுக்குச் சொல்றது. எவனையாவது பாக்கறாளோன்னு பூனையாட்டம் போயி எட்டிப் பாத்தேன். காதுல ஒயர மாட்டிக்கிட்டு, திருவிதாங்கூர் மகாராசா எந்த வருசம் என்ன பண்ணாருன்னு மலையாளத்துல முணுமுணுத்துட்டு இருக்கறா. பி.எஸ்.சி.ன்னு கேரளா சர்க்கார் வேலைக்கு வெக்கற பரீச்சைக்குப் படிக்கறாளாமா. நம்ம பக்கத்து ஆபீசுகளுக்குத் தமிழும் மலையாளமும் தெரிஞ்ச கிளார்க்கு எடுப்பாங்கல்ல, அந்த வேலைக்கு. இத உட்டா மறுக்காக் கூப்புட வருசக்கணக்காகுமாம். அத்தை, அவருகிட்டச் சொல்லீராதீங்கன்னு என்ற கையப் புடிச்சா.

நாஞ் சொன்னனுங்க. அவ சார்பா நானே பேசறேன்னு மகங்கிட்டச் சொன்னேன். வேலைக்குப் போயி என்ன பண்ணப் போறா, நாந்தான் அனுப்பறனேன்னான். அனுப்பறது வேற, அவ ஆசைப்படறா கண்ணுன்னேன். வேண்டாம்னா வேண்டாந்தான், பரீச்சையன்னிக்கு அவ பாலக்காட்டுப் பக்கம் நகந்தா எனக்குத் தெரியும்னான். அம்மணி, பெத்த மகன் மேல அப்படியொரு கோவம் எனக்கு அதுக்கு முந்தி வந்ததில்ல. கோவத்துக்கு மேல வெக்கம் வந்துச்சு. வளத்தது நாந்தானுங்களே.

கோவிந்தாபுரம் தாண்டீட்டமா? அதான பாத்தேன். செக்போஸ்ட்டுத் தாண்டுனா டவரு மாறும், ஒரு நிமிசம் ஆளக் காணாம்னு ஆயிரும். அந்த ஒரு நிமிசம் அவனுக்குப் பொறுக்காது. பாருங்க, கூப்படறான். சித்தெ இருங்க.

அலோ. நாந்தான் கண்ணு, அம்மா பேசறேன். பஸ்சு சத்தம், சத்தமாப் பேசு. ஆனமலைக் கோயிலுக்குத்தான். நீதான் பாத்துட்டே இருக்கறயே, அப்பறம் எதுக்கு என்னையக் கேக்கற? இப்ப எங்க காட்டுது? ஆமா, அங்கதான் போயிட்டிருக்குது, நல்ல மிசினு. மௌனிகாவா? பேச மாட்டா கண்ணு. மௌன வெரதம் இன்னிக்கு. சாயங்காலம் வரைக்கும் வாயே தொறக்கப்படாது. எல்லாம் இந்தக் குடும்பத்தோட நல்லதுக்குத்தான். நீ உண்டயா? எதுல வரச் சொல்ற, வீடியோவுலயா? அலோ. கேக்கலியே கண்ணு. டவரு மாறுது போல, அலோ.

வெச்சுட்டான். பொண்டாட்டி கோயிலுக்குப் போறான்னு தெரிஞ்சதும் குரலு எப்படிக் கொழையுதுங்கறீங்க.

ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க? ஆமா, பக்கத்து சீட்டுல நீங்கதான் இருக்கறீங்க, மௌனிகா இல்ல. இது அவ போனுங்க. அவ இந்நேரம் பாலக்காட்டுல பரீச்சை எழுதற பள்ளிக்கூடத்துக்குப் போயிச் சேந்திருப்பா. தப்பான மாமன்தான் பைக்குல கூட்டிட்டுப் போயிருக்கறாரு. போன அங்க உள்ளார உட மாட்டாங்களாமா, எப்படியும் வெளிய வெச்சுப்போட்டுத்தான் போகோணும். வெளிய சும்மா கெடக்கற போனுக்கு ஒரு கோயில் கும்புட்டுட்டு வந்தாப் புண்ணியம்னு நா எடுத்துட்டு வந்துட்டேன்.

பொய்யா? நா என்னங்க பொய் சொன்னேன்? போனு எங்க இருக்குதுன்னுதான அவம் பாக்கறான். போனு கோயிலுக்குத்தான் போகுது. மௌன வெரதமும் நெசந்தான், பரீச்சை ஹால்ல ஆராச்சும் பேசுவாங்களா?

நாளைக்கு அவனுக்குத் தெரிஞ்சாத் தெரியட்டுமுங்க. எழுதுனத அழிக்க முடியாதுல்ல. அவன் குதிச்சா நா பாத்துக்கறேன், பெத்தவளுக்கு அந்தப் பாத்தியதை இல்லியா. ஆனா உங்க புள்ள போனுல போடறதுன்னா அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடுங்க. காலையில நாங்கூடக் கேட்டுட்டுத்தானுங்க எடுத்தேன். உன்ற போன இன்னிக்கு ஒரு நாளைக்கு நாங் கொண்டு போறேன், உனக்குச் சம்மதமா சாமின்னேன். தலை சீவிட்டு நின்னவ, சீப்பக் கையில வெச்சுட்டே கீழ உக்காந்து அழுதுட்டா. எதுக்குச் சாமி அழுகறேன்னேன். உங்க ஊட்டுக்கு வந்ததுல இருந்து என்னையக் கேட்டுட்டுச் செய்யற மொதக் காரியம் இதுதானுங்க அத்தைன்னா.