இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

இருபது நிமிடத்துக்கு மேல் பேசக் கூடாது என்று என் காதோடு சொல்லிவிட்டு, அதில் நான்கு நிமிடத்தை என்னைப் பற்றிய புகழுரையிலேயே செலவழித்துவிட்ட அவைத் தலைவர், இந்நூலகத்தின் தலைமை நூலகர் ஐயா அவர்களே, முன் வரிசையை நிறைத்து முகம் மலர அமர்ந்திருக்கும் மூத்தோர்களே, பிள்ளைகளின் தேர்வுக்காகத் தாங்களும் இயற்கணிதம் படித்துத் தலைவலி வாங்கிக்கொண்ட தாய்மார்களே, மடியில் மடிக்கணினியோடு வந்திருக்கும் மாணவச் செல்வங்களே, கதவோரம் நின்றாவது கேட்போம் என்று வந்த அன்பு நெஞ்சங்களே, மூன்றாவது வரிசையில் எனக்கும் தமக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் உட்கார்ந்திருக்கும் என் வீட்டுக்காரர் அவர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான மாலை வணக்கம்.

இன்று இங்கே வெளியாகும் நூல் ஒரு கையேடு. ‘சமன்’ என்னும் மென்பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லும் இருநூற்று எட்டுப் பக்கக் கையேடு. காதல் கதை இல்லை, கொலை இல்லை, கடைசியில் கல்யாணமும் இல்லை. இதற்கா ஒரு விழா என்று பின் வரிசையில் ஒரு தம்பி பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டது எனக்குக் கேட்டது. நியாயமான கேள்வி தம்பி. பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

எண்ணைக் கொடுத்தால் எண்ணைத் தரும் கருவி உங்கள் சட்டைப் பையிலேயே இருக்கிறது. எழுத்தைக் கொடுத்தால் எழுத்தைத் தரும் கருவி இருக்கிறதா? ஒன்றை மூன்றால் வகுக்கச் சொன்னால் உங்கள் கருவி முப்பத்து மூன்று முப்பத்து மூன்று என்று மூச்சு முட்ட இழுத்துவிட்டு, பாதியில் கைவிடும். சமன் அப்படிக் கைவிடாது. மூன்றில் ஒன்று என்றால் மூன்றில் ஒன்று என்றே வைத்துக்கொள்ளும். எக்ஸ் என்றால் எக்ஸ் என்றே சுமக்கும். தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டாமல், தெரியாததைத் தெரியாததாகவே வைத்துக்கொண்டு, கூட்டிக் கழித்து, விரித்துச் சுருக்கி, விடை வரை கொண்டுபோகும். குறியீட்டு இயற்கணிதம் என்று இதற்குப் பெயர். பெயர் பெரிது, வேலை நம் பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் பென்சிலைக் கடித்துக்கொண்டு செய்வதுதான்.

இதை எழுதியது யார்? பெரிய நிறுவனமா? பன்னாட்டுக் கூட்டமா? என் நாத்தனார் எழுதினாள்.

என்னம்மா சிரிக்கிறீர்கள்? நாத்தனார் என்ற சொல்லுக்கே சிரிப்பு வருகிறதா? வரட்டும், வரட்டும். இன்னும் சொல்கிறேன், எனக்கும் அவளுக்கும் சண்டை வந்தது. அண்ணிக்கும் நாத்தனாருக்கும் சண்டை என்றால் நகைக்காக என்பார்கள், வீட்டுப் பங்குக்காக என்பார்கள். நாங்கள் இருவரும் முகம் கொடுத்துப் பேசாமல் போனது ஒரு கழித்தல் குறிக்காக.

அவளுக்கு எங்கள் வீட்டில் ‘வக்கீல்’ என்று பெயர். எதற்கும் எதிர்வாதம் வைத்திருப்பாள். வரைபட அலுவலகம் ஒன்றில் வேலை. மாலை ஐந்தரைக்கு வந்து, கைகழுவி, சாப்பாட்டு மேசையில் ஒரு பழைய கணினியைத் தட்டத் தொடங்குவாள். எதிர்ப்பக்கத்தில் நான் விடைத்தாள் திருத்துவேன். நான் அப்போது தொழில்நுட்பக் கல்லூரியில் தற்காலிக ஆசிரியை. அவள் மென்பொருளை எழுதினாள், நான் அதற்குக் கையேடு எழுதினேன். ஏன் எழுதினேன்? அந்த வகையில் இருந்த மென்பொருள்கள் எல்லாம் எங்கள் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் இருந்தன. எட்டினாலும் அவற்றின் கையேடு புரியாத மொழியில் இருந்தது. கருவி கையில் இருந்தும், வழி சொல்லும் தாள் இல்லையென்றால் அது பூட்டிய அறைதானே?

நான் எழுதிய ஒவ்வொரு பக்கத்தையும் அவள் வாங்கிப் பார்ப்பாள். எந்தப் புத்தகத்தையும் அவள் பின்னாலிருந்துதான் படிப்பாள், முதலில் சொல்லடைவு. “என்னடி, சாப்பாட்டை இனிப்புலேர்ந்து ஆரம்பிக்கிற மாதிரி?” என்று கேட்டால், “சொல்லடைவுல பொய் சொல்ல முடியாது அண்ணி, அங்க பக்க எண்ணுதான் இருக்கும்” என்பாள். பிறகு சிவப்புப் பென்சில் வெளியே வரும். ஓரத்தில் மூன்று சொல் எழுதுவாள். “அண்ணி, இது தப்பு.”

அந்த மூன்று சொல்லை எத்தனை முறை படித்திருப்பேன். படிக்கும்போதெல்லாம் எரிச்சல். மாமியார் குறை சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்வேன், இவள் என்ன என்று முணுமுணுப்பேன். இன்று அந்த மூன்று சொல்லுக்காக நான் ஏங்குகிற ஏக்கத்தை எந்த அவையில் போய்ச் சொல்வேன்? இந்த அவையில்தான் சொல்ல வேண்டும். அதனால் சொல்கிறேன்.

முதல் கையேடு அறுபத்து நான்கு பக்கம். அச்சகத்துக்குப் போகும் நாள். கடைசிப் பக்கத்தில் சிவப்புப் பென்சில்.

“அண்ணி, இது தப்பு.”

“எது?”

“எக்ஸை வர்க்கம் பண்ணி, வர்க்கமூலம் எடுத்தா திரும்ப எக்ஸ்தான் வரும்னு எழுதியிருக்கீங்க. எக்ஸ் மைனஸ் மூணா இருந்தா? வர்க்கம் ஒன்பது, மூலம் மூணு. மைனஸ் மூணு எங்க போச்சு?”

“எந்தப் பிள்ளை மைனஸ் மூணு போட்டுப் பார்க்கப் போகுது?”

“போடுவாங்க. எண்ணுல பாதி மைனஸ்தானே அண்ணி.”

சமன் அந்த இடத்தில் சரியாகத்தான் இருந்தது. எக்ஸ் பூச்சியத்துக்குக் கீழே இல்லை என்று நாம் சொன்னால் ஒழிய, அது மூலத்தைப் பிரிக்காது, அப்படியே வைத்திருக்கும். தப்பு என் கையேட்டில். அவள் ஒரே ஒரு வரியை ஓரத்தில் எழுதி, சேர்க்கச் சொன்னாள். ‘எக்ஸ் குறை எண்ணாக இல்லாதபோது மட்டும்.’ அவ்வளவுதான். ஆனால், அச்சகத்தில் பதினாறு பதினாறு பக்கமாகத்தான் மடிப்பார்கள். அறுபத்து நான்கில் நூல் கச்சிதமாக முடிந்திருந்தது. அந்த வரியைச் சேர்த்தால் அறுபத்தைந்தாம் பக்கம் பிறக்கும். அதற்காக இன்னொரு மடிப்பு, இன்னொரு வாரம். அதெல்லாம் ஆகாது என்று நான் அந்த வரியை அடித்துவிட்டேன். அவளிடம் சொல்லவும் இல்லை.

எட்டு மாதம் கழித்து, கல்லூரி முதல்வர் அறைக்கு எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். பம்பு செய்யும் பட்டறை ஒன்றின் மேற்பார்வையாளர் வந்திருந்தார். என் கையேட்டை வைத்துக்கொண்டு, அதில் சொன்ன விதிப்படி மூலத்தை நீக்கி எக்ஸையே சமனில் போட்டு, இணைப்புக் கம்பிகளின் நீளத்தைக் கணக்கிட்டிருக்கிறார். நடு அச்சுக்கோட்டுக்கு இடப்பக்கம் அளந்தால் அளவு மைனஸ். மூன்று மில்லிமீட்டர் கூட வேண்டிய இடத்தில் மூன்று குறைந்துவிட்டது. அறுபது கம்பிகள், ஒவ்வொன்றும் ஆறு மில்லிமீட்டர் குட்டை. ஒரு கம்பியைக் கொண்டுவந்து முதல்வரின் மேசைமேல் வைத்தார்.

இதோ, அந்தக் கம்பி. பையில் கொண்டுவந்திருக்கிறேன். ஐயா, முன் வரிசையில் கொடுங்கள், பார்க்கட்டும். குட்டை என்று தெரிகிறதா? தெரியாது. அதைப் பொருத்திப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

“உங்க புரோகிராமை நம்பி வெட்டினேன் சார். கம்ப்யூட்டர் தப்பாச் சொல்லுது. கம்பி வெட்டினவன் என்னைத் திட்டறான், முதலாளி என்னைத் திட்டறாரு” என்றார் அந்த மனிதர்.

முதல்வர் எங்களைப் பார்த்தார். “யாரோட தப்பு இது?”

அந்த மாதம் என் பணி நிரந்தரமாகும் மாதம். கோப்பு அதே மேசையில், அந்தக் கம்பிக்கு அடியில் கிடந்தது. வக்கீல் என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். சுத்தமாக இருந்த கண்ணாடியை நன்றாகத் துடைத்தேன்.

“என் தப்புதான் சார். புரோகிராம் என்னோடதுதானே” என்றாள் அவள்.

எல்லாவற்றுக்கும் வாதாடுகிறவள், அன்று ஒரு வார்த்தை வாதாடவில்லை.

கல்லூரிக் கணினிகளிலிருந்து சமனை அழித்தார்கள். அதை வாங்கிச் சென்ற பிற கல்லூரிகளுக்கெல்லாம் ‘பயன்படுத்த வேண்டாம்’ என்று கடிதம் போனது. அந்தக் கடிதங்களின் உறையில் முகவரி எழுதியவள் நான்தான். அடுத்த ஆண்டு அவள் வெளிநாட்டில் வேலை தேடிக்கொண்டு போனாள். போகும்போது, “வரேன் அண்ணி, உடம்பைப் பாத்துக்குங்க” என்றாள். பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன.

பேச்சே இல்லையா என்றால், இருக்கிறது. மாதம் ஒருமுறை தொலைபேசியில் அழைப்பாள். அவள் அண்ணனோடு பேசிவிட்டு, என்னிடமும் பேசுவாள். மழை உண்டா, முட்டி வலி எப்படி, மாத்திரை சாப்பிட்டீர்களா. ஒருநாள் துணிந்து, “அந்தக் கம்பி விஷயத்துல நான்...” என்று தொடங்கினேன். “பரவாயில்ல அண்ணி, பழசு. விடுங்க” என்றாள். எத்தனை மென்மையான சொல் அது. முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியிருந்தால்கூட நான் தட்டியிருப்பேன். இப்படிச் சொன்னவளிடம் எதைத் தட்டுவது? நான் சொல்வதற்கெல்லாம் இப்போது அவள் சரி என்கிறாள். பதினெட்டு ஆண்டுகளில் ஒருமுறைகூட, “அண்ணி, இது தப்பு” என்று அவள் சொன்னதில்லை. தவறு செய்யாமலா இருந்திருப்பேன்?

போன ஆண்டு வீட்டுக்கு வெள்ளை அடித்தோம். என் வீட்டுக்காரரின் இரும்பு அலமாரியில், துண்டில் சுற்றிய ஒரு பெட்டி. உள்ளே பதினொரு பழைய வட்டுகள், சமனின் மூல நிரல் முழுவதும். “ஏங்க சொல்லல?” என்று கேட்டேன். “நீ கேக்கவே இல்லையே” என்றார். அதோ, தலையைக் குனிந்துகொள்கிறார் பாருங்கள். குனிய வேண்டியது நீங்கள் அல்ல.

இந்த நூலகத்தின் கணினிப் பிரிவில் இருப்பவர்கள் பழைய கருவி ஒன்றைத் தேடிப் பிடித்து அந்த வட்டுகளைப் படித்துத் தந்தார்கள். நிரலுக்கு நடுவே, இயந்திரம் படிக்காத குறிப்புகளாக, அவள் எழுதிவைத்திருந்தாள். வர்க்கமூலம் வரும் இடத்தில் இப்படி இருந்தது: ‘இந்த வரி வேண்டாம், விடை நீளுதுன்னு அண்ணி சொல்லுவாங்க. எடுக்கக் கூடாது. அண்ணி பாவம், நாளைக்கு அவங்களைத்தான் கேப்பாங்க.’

நான் அதைப் படித்த இடம் நூலகத்தின் இரண்டாம் மாடி. பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்றுகூட எண்ணாமல் அழுதேன்.

ஆகவே அவையோரே, கணக்கை நேர் செய்கிறேன். அந்தக் கம்பிகளைக் குட்டையாக்கியது மென்பொருள் அல்ல. நான் அடித்த ஒரு வரி. அதை இந்நூலின் ஒன்பதாம் அத்தியாயத்தில் என் கையெழுத்தோடு அச்சிட்டிருக்கிறேன். அந்த மேற்பார்வையாளரைத் தேடிப் போய் நேரில் சொன்னேன். அவர், “அந்தப் பொண்ணைப் போய்த் திட்டினேனேம்மா” என்றார். இன்று முதல் சமன் எவருக்கும் கிடைக்கும். இந்நூலகத்தின் இணையத்தளத்தில் கிடைக்கும். இணையம் இல்லாதவர் நேரில் வந்தால் நகல் கிடைக்கும். நிரலும் கிடைக்கும், கையேடும் கிடைக்கும், அவள் குறிப்புகளும் கிடைக்கும். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ‘பயன்படுத்த வேண்டாம்’ என்ற கடிதங்களுக்கு ஒருமுறை முகவரி எழுதிய கை, இன்று இந்த மூன்றையும் விரித்து நீட்டுகிறது. கை தட்டுங்கள், ஆனால் எனக்காகத் தட்டாதீர்கள்.

மணி அடிக்கிறார் தலைவர். இதோ முடித்துவிட்டேன் ஐயா. உங்களிடமும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், கோபிக்கக் கூடாது.

இந்நூலில் ஒரு பிழை இருக்கிறது. தெரிந்தே விட்ட பிழை. நம் மெய்ப்புத் திருத்துநர் மூன்று முறை வட்டமிட்டார், மூன்று முறையும் நான் இருக்கட்டும் என்றேன். “உங்களோட வேலை செய்யவே முடியாதும்மா” என்று எழுந்து போய்விட்டார். மாணவர்கள் பயப்பட வேண்டாம், கணக்கில் அது கை வைக்கவில்லை. பின்னால் சொல்லடைவில் இருக்கிறது. ‘கழித்தல் குறி – பக்கம் 212’. நூலில் இருப்பது இருநூற்று எட்டுப் பக்கம்.

முந்தாநாள் ஒரு படியை அவளுக்கு அஞ்சலில் அனுப்பிவிட்டேன். உள்ளே கடிதம் வைக்கவில்லை. அவள் பின்னாலிருந்துதான் திறப்பாள். பிழையைக் கண்டால் அவள் கை சும்மா இருக்காது. பதினெட்டு ஆண்டுகளில் அந்தக் கை மாறியிருக்குமா? மாறியிருக்காது என்று ஒரு மனம் சொல்கிறது. மாறியிருந்தால் என்ன செய்வேன் என்று இன்னொரு மனம் கேட்கிறது. தபால்காரர் வரும் நேரத்தில் நான் வாசலில் நிற்கப் போகிறேன், வேறென்ன செய்வேன்?

அச்சகத்தாரிடம் சொல்லிவிட்டேன். அடுத்த பதிப்பில் இன்னொரு மடிப்பு சேர்க்க வேண்டும். அன்று ஒரு வரிக்கு இடமில்லை என்றவள், இன்று பதினாறு பக்கம் வெறுமையாக வைத்திருக்கிறேன். இருநூற்றுப் பன்னிரண்டு அதில் நான்காவது. அதை எழுத வேண்டியவள் அவள்.

பொறுமையோடு கேட்ட தாய்மார்களுக்கும் பெரியோர்களுக்கும், மணியை மெதுவாக அடித்த தலைவருக்கும், பதினெட்டு ஆண்டுகள் ஒரு பெட்டியைத் துண்டில் சுற்றிப் பாதுகாத்த மூன்றாவது வரிசைக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வீட்டுக்குப் போய்ச் சமனைத் திறந்து பாருங்கள். எங்காவது பிழை கண்டால், நூலின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் முகவரிக்கு எழுதுங்கள். அது என் வீட்டு முகவரி. வணக்கம்.