ஒரு மில்லிமீட்டர்

எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். உங்கள் கையிலிருக்கும் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள், ஓர் அடித்தல் திருத்தல் இருக்காது.

எங்கள் கம்பெனிக்கு நாற்பது நாடுகளில் கிளை. மண்ணைத் துளைத்துப் பார்ப்பது, நிலத்தை அளப்பது, இதுதான் தொழில். இங்கே பாதாள ரயிலுக்குச் சுரங்கம் தோண்டும்போது, மேலே உள்ள வீடுகள் அசைகின்றனவா என்று வாராவாரம் பார்ப்பது என் வேலை. சுவர் விரிசலின் இரு பக்கமும் கோடு போட்ட தகடு ஒட்டியிருப்போம். ஐந்து மில்லிமீட்டர் விலகினால் வீட்டைக் காலி செய்யச் சொல்லி எழுத வேண்டும். பட்டியலில் என் அண்ணன் வீடும் இருந்தது. சொந்தக்காரர் வீடா என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அண்ணன் கெட்டவர் இல்லை. பன்னிரண்டு வயதில் நான் ஓர் அலமாரிப் பலகையைக் கோணலாக அடித்துவிட்டேன். அன்றிலிருந்து அவர் எனக்கு வைத்த பெயர் கோணல். என் கல்யாணத்தில் பெண் வீட்டார் முன்னாலும் அதைச் சொன்னார். நான் சர்வேயர் ஆனதும், "இவன் அளந்தா ஊரே சாஞ்சிடும்" என்றார். முப்பது வருடம் ஒரே கதை. கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வருவேன்.

ஐந்தாவது வாரம் அண்ணன் வீட்டுத் தகடு ஏழு காட்டியது. கூடத்தில் இரண்டு பெட்டிகள் கட்டித் தயாராக இருந்தன. கதவு சாத்த வரவில்லை, பிள்ளையை வைத்துக்கொண்டு பயமாக இருக்கிறது என்றார் அண்ணி. அண்ணன் என் பின்னாலேயே சுவர் வரை வந்தார்.

"போயிடலாமாடா? நீயே சொல்லு."

அவர் என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஒரு மில்லிமீட்டர்தாண்ணே. மழைக்குக் கதவு ஊறியிருக்கும்" என்றேன்.

"நீ சொன்னா சரி."

எனக்கு மனசு எப்படிக் குளிர்ந்தது தெரியுமா. பெட்டிகளைப் பரண்மேல் ஏற்றி வைத்ததும் நான்தான், அவருக்கு முதுகுவலி. பிறகு பதிவேட்டில் ஒன்று என்று எழுதினேன்.

அண்ணி என்ன பாவம் செய்தார் என்கிறீர்கள். அந்தக் கோணல் கதைக்கு முதலில் சிரிப்பவர் அவர்தான். பிள்ளையை மட்டும் விடுமுறைக்கு எங்கள் வீட்டில் இருக்கட்டும் என்று அன்றே கூட்டி வந்துவிட்டேன். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. மூன்றாம் நாள் காலை, அவர்கள் இருவரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது சுவர் அவர்கள்மேல் விழுந்தது. விழும் என்று தெரிந்துதான் எழுதினேன். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நேற்று அண்ணன் மகள் எங்கள் வீட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சித்தப்பா, இது விழுமா?"

டேப்பை எடுத்து அளந்து காட்டி, ஒன்றுமில்லை என்றேன். தலையாட்டிவிட்டு விளையாடப் போய்விட்டாள். அவள் அப்பாவும் ஆரம்பத்திலிருந்தே என்னை இப்படி நம்பியிருந்தால், இவ்வளவு தூரம் வந்தே இருக்காது.