கொட்டிலுக்குப் பால் காய்ச்சினவர்கள்

எழுபதுகளில் ஒரு சனிக்கிழமை, மெல்பேர்ன் டிராமில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு யாழ்ப்பாணத்தார். மூத்தவர் மடியில் மண்வெட்டி.

“தோட்டக் கொட்டிலுக்கு ஆரும் பால் காய்ச்சுவினமோ, அண்ணை?” என்றார் இளையவர்.

“இருக்கிறது வாடகை வீடு. தோட்டத் துண்டும் கவுன்சிலின்ர. கொட்டில் ஒண்டுதான் எங்கட சொந்தம் எண்டு என்ர மனிசி பிடிவாதமா நிண்டவ.”

“எதாலை கட்டினனீங்கள்?”

“இடிச்ச வீடுகளில பொறுக்கின பலகை, யன்னல், தகரம். பூட்டும் திறப்புமா நல்ல கதவொண்டும் கிடைச்சுது.”

“பால் பொங்கினதோ?”

“கிழக்குப் பக்கமாத்தான் பொங்கினது. எல்லாரும் கண்ணை மூடிக் கும்பிட்டம். பின்னால பலகையில நெருப்புப் பத்தினதை ஒருத்தரும் காணேல்லை.”

“ஐயோ! பிறகு?”

“தீயணைப்புக்காரர் வந்து தண்ணி அடிச்சாங்கள். கதவும் நிலையும் மட்டும் மிஞ்சி நிக்குது.”

டிராம் நின்றது. மூத்தவர் அவசரமாக எழுந்தார்.

“என்ன அவசரம், அண்ணை?”

“மனிசி முதலே தோட்டத்துக்குப் போட்டா. கதவுத் திறப்பு என்ர பொக்கற்றில. நான் போய்த் திறக்குமட்டும் வெளியிலதான் நிப்பா.”