பன்னிரண்டு வருஷத்து அழைப்புகள்

– திரும்பவும் நீங்களா? ஆம்புலன்ஸ் லைன் மொத்தமும் செத்துக் கிடக்கு. நான் சர்வர் முன்னாடி கையைப் பிசைஞ்சுட்டு நிக்கறேன்.

– அதைக் கேக்கத்தான் கூப்பிட்டேன். புது சாஃப்ட்வேர் எவ்வளவு ஏறியிருக்கு?

– அறுபத்தொரு சதவீதம். அஞ்சு நிமிஷமா அதே அறுபத்தொண்ணு.

– ரெண்டு சர்வருமா?

– ரெண்டும்தான்.

– ஒண்ணை மாத்தி, ஒரு நாள் ஓட விட்டுப் பார்த்துட்டு, அப்புறம்தான் அடுத்ததைத் தொடணும்னு சுவத்துல எழுதி ஒட்டினதே நீதானே, மேடம்.

– குத்திக் காட்டாதீங்க. சோதனை மெஷின்ல ஆறே நிமிஷத்துல முடிஞ்சுது. மேனேஜர் வந்து, இந்நேரம் அழைப்பு குறைவு, ரெண்டையும் ஒண்ணா முடிச்சுடுன்னார். நானும் தலையாட்டிட்டேன். சோதனை மெஷின்ல இருந்தது ஒரு மாசத்து அழைப்புப் பதிவுதான். இதுல பன்னிரண்டு வருஷம். ஒவ்வொண்ணா புது வடிவத்துக்கு மாத்திட்டிருக்கு.

– பழசோட காப்பி இருக்குல்ல?

– இருக்கு. திரும்ப ஏத்த நாலு மணி நேரம்.

– வேற நம்பருக்குத் திருப்பி விடேன்.

– திருப்பி விடறதும் இதே சர்வர்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அழைப்பு எடுக்கற எட்டுப் பொண்ணுங்க ஹெட்போனை மாட்டிட்டு என் முகத்தையே பார்க்கறாங்க. பேசாம நிறுத்திடட்டுமா?

– தொடாதே. பாதியில நிறுத்தினா பழசும் இல்ல, புதுசும் இல்ல. அப்புறம் சாயந்தரம் வரைக்கும் யாருக்கும் வண்டி போகாது.

– உங்களுக்கென்ன, லீவைப் போட்டுட்டு வீட்டுல... ஏன் இவ்வளவு மெதுவா பேசறீங்க?

– தரையில படுத்திருக்கேன். சில்லுனு இருக்கு.

– கொடுத்து வச்சவர்.

– வாசக்கதவைத் திறந்துதான் வச்சிருக்கேன்.

– பூனை வந்து பால் பாத்திரத்தை உருட்டப் போகுது.

– உருட்டட்டும். இப்ப எவ்வளவு?

– எழுபத்தெட்டு. நகருதுங்க.

– முடிஞ்சா தானா லைன் வந்துடுமா, நீ ஏதாவது அழுத்தணுமா?

– நான்தான் அழுத்தணும். எங்க யாரு சாகக் கிடக்கறாங்களோ. அந்தப் பாவம் என் தலையிலதான்.

– உன் தலையில ஒண்ணும் இல்ல. தலையாட்டச் சொன்னவனும் மனுஷன்தான், ஆட்டினவளும் மனுஷிதான். இதைப் பின்னாடி உட்கார்ந்து கிண்டிட்டிருக்கக் கூடாது. மாட்டேன்னு சொல்லு.

– என்ன, சத்தியமெல்லாம் வாங்கறீங்க?

– சொல்லேன்.

– சரி, மாட்டேன். இருங்க, தொண்ணூத்தாறு. நூறு. அழுத்திட்டேன். முதல் சர்வர் எழுந்துடுச்சு. பச்சை விளக்கு வந்துடுச்சுங்க. ஒரு உதவி பண்ணுங்க. இந்த போனை வச்சுட்டு ஆம்புலன்ஸ் நம்பருக்கு ஒரு தடவை அடிங்க, சோதனைக்கு.

– இருபது நிமிஷமா அதைத்தான் அடிச்சேன், இனிமே விரல்ல தெம்பில்லம்மா. நம்ம வீட்டு விலாசத்தை நீயே அந்தப் பொண்ணுங்ககிட்ட சொல்லிடு.