மூன்று தடவைக்கு மேல்

மாலை ஆறே முக்கால். கடலோரச் சோகோகே காட்டுக்குள் போகும் செம்மண் பாதை. வண்டிச் சத்தம் கிடையாது, ஆள் நடமாட்டம் கிடையாது. ஒரு டார்ச், ஒரு போன், இரண்டு பேர்.

சலாமா, பேனாவைக் கீழே வை. அடுத்த வாரப் பறவைப் பயணத்துக்கு நீ போட்ட திட்டத்தில் அந்தப் பாதைதான் இருக்கிறது. வியாழக்கிழமை, ஆறு முதல் எட்டு, ஆந்தை. நான் அதைக் கோடு போட்டு அடித்ததும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய். ஏன் அடித்தேன் என்று கேள், அப்புறம் உன் இஷ்டம். யாராவது அந்த ஸ்டவ்வைக் குறையுங்கள். அந்த இரைச்சலில் இதைச் சொல்ல முடியாது.

என்னோடு வண்டி ஓட்டுகிற கஹிந்தியை உங்களுக்குத் தெரியும். அவனுடைய சித்தப்பா கரிசாவுக்கு நடந்தது இது. ஒரே ஒரு தடவைதான் என்னிடம் சொன்னான். அன்றைக்குக் கள்ளு முன்னால் இருந்தும் அவன் தொடவில்லை.

கரிசா மாதிரி திட்டம் போட இந்தக் கரையில் ஆள் கிடையாது. பாரிங்கோ ஏரிப் பாறையில் எத்தனை மணிக்கு வெயில் விழும், எந்தப் பறவை அங்கே குளிர்காய வரும் என்று மனப்பாடமாகச் சொல்வார். பறவை பார்க்க வரும் விருந்தாளிகள் நானூறு வகை கேட்டால் நானூற்று மூன்று காட்டி அனுப்புவார். பன்னிரண்டு நாள் பயணத்தில் கடைசி நாள் ஆந்தை மட்டும் அவர் மகள் கட்ஸோவின் பொறுப்பு. ஒரு சாண்கூட இல்லாத ஆந்தை அது. அதற்கு முந்தின நாளே காட்டுக்குப் போய், எந்தக் கிளையில் இருக்கிறது என்று பார்த்து, அதன் குரலைப் பதிந்து அப்பாவுக்கு அனுப்பிவிடுவாள். பத்தொன்பது வயது.

அந்த முறை போன் செய்தாள். "அப்பா, ஒத்தை ஆனை ஒண்ணு அந்தப் பக்கம் நிக்குதாம். நாளைக்குக் காலைல போகட்டுமா?"

"நாளைக்கு ஆளுங்க வந்துடுவாங்கம்மா. திட்டத்துல எழுதிக் குடுத்தாச்சு. வெளிச்சம் போறதுக்குள்ள பாத்துட்டு ஓடி வந்துடு."

ஆறே முக்காலுக்குப் பதிவு வந்தது. ஹூ... ஹூ... ஹூ... ஒரே சீராக, ஆறேழு தடவை. அது முடிந்ததும் அவளுடைய கிசுகிசுப்பு. "அப்பா, இங்கதான் இருக்கு. கூட்டிட்டு வாங்க."

"கெட்டிக்காரி" என்று கரிசா பதில் அனுப்பினார்.

மறுநாள் காலையில் அவள் உடலை நாலு பேராகத் தூக்கி வந்தார்கள். அவளுடைய போனில் ஒரு கீறல்கூட இல்லை. கரிசாவின் பதில் படிக்கப்படாமலே கிடந்தது.

ஒரு வருஷம் அவர் பேனாவைத் தொடவில்லை. பிறகு யாரோ வற்புறுத்தினார்கள் என்று மறுபடி திட்டம் போட உட்கார்ந்தார். பதினோரு நாளும் எழுதினார்... பன்னிரண்டாவது கட்டம் காலியாகவே இருந்தது. கடைசியில் கஹிந்தியைக் கூட்டிக்கொண்டு, தானே ஆந்தையின் இடம் பார்க்க அந்தப் பாதைக்குப் போனார்.

பதிவைப் போட்டுப் பறவையை வரவழைப்பது நாம் எல்லோரும் செய்வதுதான். மூன்று தடவை. அதற்கு மேல் கூடாது. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். தன் இடத்தை விட்டுவிட்டுத் தேடி வந்துவிடும். வந்து பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். திரும்பிப் போகவும் தெரியாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

கரிசா மகளுடைய பதிவைப் போட்டார். ஹூ... ஹூ... கடைசியில் அந்தக் கிசுகிசுப்பு. காட்டில் பதில் இல்லை. இரண்டாவது தடவை. மூன்றாவது. பூச்சிச் சத்தம்கூட நின்றுவிட்டது.

"போதும் சித்தப்பா. இன்னிக்கு ஆந்தை வராது."

"ஆந்தைக்கா போடறேன்னு நெனச்ச?" என்றார் கரிசா.

நான்காவது தடவை போட்டார். இடது பக்கம், ரொம்ப தூரத்தில், சருகு மிதிபடும் சத்தம். யானை இல்லை... இரண்டு கால். ஐந்தாவது தடவை. காற்றே இல்லை, ஆனால் வாசனை வந்தது. தேங்காயெண்ணெயில் கிராம்பு போட்டுக் காய்ச்சிய வாசனை. கட்ஸோவின் தலையில் எப்போதும் அந்த வாசனைதான். அவளைச் சின்ன வயதில் தோளில் தூக்கித் திரிந்தவன் கஹிந்தி, அவனுக்குத் தெரியாதா?

ஆறாவது தடவை. பதிவு முடிந்தது, கிசுகிசுப்பும் முடிந்தது. பிறகு காட்டுக்குள்ளிருந்து...

"அப்பா."

போன் கரிசாவின் கையில் அணைந்து கிடந்தது. கஹிந்தி அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இங்கதான்மா இருக்கேன். வா... மெதுவா வா."

சருகுச் சத்தம் டார்ச் வெளிச்சத்தின் விளிம்புவரை வந்தது. கஹிந்தி போனைப் பிடுங்கினான். சித்தப்பாவை இடுப்போடு பிடித்து இழுத்து வண்டியில் போட்டான். பயந்துவிட்டான், பாவம், அவனைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. தார் ரோடு வரும்வரை கரிசா கெஞ்சிக்கொண்டே வந்தார். "பக்கத்துல வந்துட்டாடா. இன்னும் ஒரே ஒரு தடவைடா." வண்டி நிற்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். தேங்காய்ப்பாலில் வெந்த துவரை என்றால் உயிர், அதைக்கூட ஒதுக்கினார். பெருமழைக்காலத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார். கடைசி நாள் கஹிந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். "அழாதடா. பொண்ணுகிட்டதான போறேன்."

அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் கஹிந்திக்கு நெஞ்சு ஆறியது. இரண்டு மாதம் நன்றாகத் தூங்கினான்.

பிறகு ஒரு குழு வந்தது. அவர்களே போட்டுக் கொண்டுவந்த திட்டத்தில் அந்தப் பாதை இருந்தது. கஹிந்தி போனை வெளியே எடுக்கவே இல்லை. ஆந்தை தானாகக் கூவியது, அதை ஒரு அம்மாள் பதிந்துகொண்டாள். விடுதிக்குத் திரும்பியதும், பார்த்த பறவைகளைக் குறிக்கும் நேரத்தில், அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினாள். ஹூ... ஹூ... ஹூ... கூவல் முடிந்த பிறகும் அதில் ஏதோ இருந்தது.

"கடைசியில கேக்குதே, அது என்ன பறவை? பேர் சொல்லுங்க, எழுதிக்கறேன்" என்றாள்.

"காத்தும்மா" என்றான் கஹிந்தி.

அங்கே இருந்தவர்களில் அவனுக்கு மட்டும்தான் எங்கள் கிரியாமா பாஷை தெரியும்.

"அப்பா, நான் வந்துட்டேன். நீங்க எங்க போனீங்க?"