பக்கவாட்டில் கேட்காத மைக்

மின்விசிறியை நிறுத்தி வைத்திருக்கிறேன். புழுக்கமாக இருந்தால் சொல்லுங்கள் மாப்பிள்ளை, போடுகிறேன். காற்றுச் சத்தம் பதிவில் ஏறிவிடக் கூடாது என்று பல வருஷமாகப் பழகிய கை இது. பாட யாரும் இல்லாத நாளிலும் இந்த அறைக்குள் நுழைந்தால் தானாகச் சுவிட்சுக்குப் போய்விடுகிறது.

அந்த முக்காலியில் உட்காருங்கள். அவள் உட்காரும் இடம்தான். பரவாயில்லை.

நேற்று போனில் நீங்கள் கேட்டது காதிலேயே இருக்கிறது. "பாட்டெல்லாம் ஊருக்கே இருக்கு மச்சான். அவ சும்மா பேசினது ஏதாச்சும் இருந்தா குடுங்க. பொண்ணு கேக்குறா. அம்மா திட்டுறது வேணுமாம்." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தீர்கள். சிரிப்பு வரவில்லை. அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால் உங்களிடம் சிலதைச் சொல்லியாக வேண்டும். நடுவில் எழுந்து போனாலும் நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

பாட வந்தவர் மனசு நோகும்படி ஒரு சொல் சொல்வதில்லை என்பது இந்தத் தொழிலில் நான் வைத்துக்கொண்ட வழக்கம். யாராவது சுருதி விலகினால், "மைக் கொஞ்சம் தள்ளி இருந்துச்சு, என் தப்புதான், இன்னொரு தடவை பாடிடலாமா" என்பேன். பழியை மைக்கின் மேல் போட்டால் அது கோபித்துக்கொள்ளாது. அவர்களும் முகம் வாடாமல் பாடுவார்கள். ஃபிளாஸ்க்கில் எப்போதும் வெந்நீர் இருக்கும். கடவுள் பெரிய காரியங்களைப் பெரிய மனிதர்களிடம் கொடுத்துவிட்டு, என்னைப் போன்றவர்களிடம் சின்ன உதவிகளைக் கொடுத்திருக்கிறார் என்று நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். ஒரு நல்ல வார்த்தைக்கு என்ன செலவு?

உங்கள் மனைவி முதல் தடவை இங்கே வந்தபோது கோரஸ் பாடிக்கொண்டிருந்தாள். எங்கேயோ ஒருவன் அவளிடம், "உன் குரல் கத்தி மாதிரி இருக்கும்மா, கொஞ்சம் பின்னால போய் நில்லு" என்று சொல்லியிருக்கிறான். அதை அப்படியே நடித்துக் காட்டினாள். "கதவுக்கு வெளியே நின்னு பாடினேண்ணே. அப்பவும் வெட்டுச்சாம்." சிரித்தாள். கண் சிரிக்கவில்லை.

அன்றைக்குத்தான் அந்த ரிப்பன் மைக்கை அவளுக்காக எடுத்தேன். இதோ, இதுதான். மூடிக் கிடந்த ஒரு வானொலி நிலையத்தின் பழைய சாமான்களோடு கிடைத்தது. உள்ளே இரண்டு காந்தங்கள், நடுவில் ஒரு அலுமினியப் பட்டை. மிட்டாய் சுற்றிய வெள்ளித்தாளைவிட மெல்லியது. பலமாக ஊதினால் அறுந்து போகும். பழைய பாட்டுகளில் குரல் பக்கத்தில் உட்கார்ந்து காதோடு பேசுவதுபோல இருக்குமே, அது இந்தப் பட்டையின் வேலை. குரலில் கூரான இடங்களை இது மழுக்கிவிடும். முன்னாலும் பின்னாலும் இருப்பதைக் கேட்கும், பக்கவாட்டில் கேட்காது. அந்தப் பக்கம் நின்று பேசினால் இதற்கு நீங்கள் இல்லாத மாதிரிதான்.

பாடிவிட்டு ஹெட்போனில் கேட்டாள். "இது நானாண்ணே?" என்றாள். பிறகு உங்களுக்குப் போன் போட்டு ஒன்றும் பேசாமல் அழுதாளே, நினைவிருக்கிறதா? நீங்கள் பயந்துபோய் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டீர்கள். அன்றைக்குத்தான் நீங்கள் எனக்கு மாப்பிள்ளை ஆனீர்கள், நான் உங்களுக்கு மச்சான் ஆனேன்.

இன்னொரு மைக்கும் இருந்தது. நிமிர்ந்து பாருங்கள், கூரையில் தொங்குகிறது. ரிப்பன் அறுந்துபோனால் பாடியது வீணாகிவிடக் கூடாதே என்று அதையும் சேர்த்து ஓட விட்டிருப்பேன். புது மைக். அதற்கு இரக்கம் கிடையாது. துணி உரசுவது, எச்சில் விழுங்குவது எல்லாம் கேட்கும். அது ஓடுவதை அவளிடம் சொன்னதில்லை. ஒளித்ததும் இல்லை. நிமிர்ந்து பார்த்திருந்தால் அவளுக்கே தெரிந்திருக்கும். அவள் ஹெட்போனுக்கு மட்டும் ரிப்பனில் வருவதையே அனுப்புவேன். பாடுகிறவரை எதற்குப் பயமுறுத்த வேண்டும்?

பாட்டுக்கு நடுவே ஓய்வு கிடைத்தால் அவள் முக்காலியை ஓரமாக இழுத்துப் போட்டு, நான் இருக்கும் அறையின் கண்ணாடிப் பக்கம் திரும்பி உட்காருவாள். என்னோடு பேசுவாள். வீட்டுக்குப் போன் போட்டுப் பெண்ணைத் திட்டுவாள். "பாலைக் குடிச்சியா, பூனைக்கு ஊத்துனியா? உண்மையைச் சொல்லு. நான் வந்து பூனைகிட்டயும் கேப்பேன்." ரிப்பனுக்கு அது பக்கவாட்டு. அதில் இது எதுவும் விழவில்லை. எல்லாம் கூரை மைக்கில்தான் விழுந்தது.

அவளுடைய இரண்டாவது பாட்டுத் தொகுப்பு பாதி முடிந்திருந்தபோது, கூரை மைக்கில் ஒன்றைக் கேட்டேன். ஒவ்வொரு வரியும் முடிகிற இடத்தில் மணல் உதிர்கிற மாதிரி ஒரு சத்தம். சளியாக இருக்கும் என்று நினைத்தேன். வெந்நீர் கொடுத்தேன். அடுத்த மாதமும் அது இருந்தது. கொஞ்சம் கூடியிருந்தது.

அதே வரியை ரிப்பனில் கேட்டால் மணல் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு கனம், ஒரு ஈரம். மெல்லிய குரலுக்குள் இன்னொரு வயதான குரல் வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி. நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே அந்தக் குரலைக் கேட்கத்தான். எத்தனையோ பேரை அந்த மைக்கின் முன்னால் நிறுத்திப் பார்த்திருக்கிறேன், வரவில்லை. இவளிடம் வந்தது. முடிந்த பாட்டுகளை வெளியே கேட்டவர்களும் அதைத்தான் சொன்னார்கள். முதல் தொகுப்பில் அழகு இருந்தது, இதில் உயிர் இருக்கிறது என்றார்கள். ஒருவர் எனக்குக் கைகொடுத்துவிட்டுக் கையை விடவே இல்லை.

அப்புறம் அந்த மத்தியானம். உங்களுக்கு அது தெரியும், என் பக்கம் மட்டும் தெரியாது. பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றபடியே சொன்னாள்: "அவரு தொண்டை டாக்டர்கிட்ட நாளைக்கு வரேன்னு சொல்லி வச்சிருக்காருண்ணே. பேசும்போது குரல் ஒடையுதாம். எனக்கு ஒண்ணும் தெரியல. நீங்க சொல்லுங்க. உங்க காதைவிடப் பெரிய டாக்டர் யாரு?"

"பாடு, கேட்டுப் பாத்துடலாம்" என்றேன்.

மைக்கை வழக்கத்தைவிட அவள் வாய்க்குப் பக்கத்தில் வைத்தேன். ரிப்பனுக்கு எவ்வளவு நெருங்குகிறோமோ அவ்வளவுக்குக் குரல் தடிக்கும். அறையின் எதிரொலி ஏறாமல் இருக்க மைக்குக்குப் பின்னால் ஒரு கம்பளியைத் தொங்கவிட்டேன். அவள் பாடினாள். கூரை மைக்கின் சத்தம் என் காதில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு ரிப்பனில் பதிந்ததை அவளுக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டாள்.

"இதுல ஒண்ணும் தெரியலையேண்ணே."

"ஒண்ணும் இல்லம்மா. குரல் பழுத்திருக்கு, அவ்வளவுதான்."

"பழுத்தா நல்லதுதான். அழுகாம இருந்தா சரி" என்று சிரித்தாள். அங்கேயே உங்களைப் போனில் கூப்பிட்டாள். "அண்ணன் பாத்துட்டாரு, ஒண்ணும் இல்லையாம். டாக்டர்கிட்ட வரலைன்னு சொல்லிடுங்க." நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கூரை மைக் வழியாக எனக்கும் கேட்டது. "மச்சான் சொன்னா சரி" என்றீர்கள்.

அவள் முகத்தில் அன்றைக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? அந்த நிம்மதியைக் கொடுக்க முடிந்ததற்காக, அவள் போன பிறகு இந்த அறையில் கைகூப்பி நின்றேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மழைக்காலம் போய் வெயில் வரும்வரை இன்னும் சில தடவை அவள் அதே கேள்வியைக் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் மைக்கை இன்னும் ஒரு விரல் நெருக்கி வைத்தேன். ஒவ்வொரு தடவையும் அவள் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள். தண்ணீர் விழுங்கும்போது வலிக்கிறது என்றாள். மெதுவாகக் குடிக்கச் சொன்னேன்.

அது என்ன நோய் என்று எனக்குத் தெரியாது என்றுதானே இதுவரை நினைத்திருப்பீர்கள்? என் அப்பா அந்த நோயில்தான் போனார். வீட்டில் ஒரு வருஷம் அவர் குரலில் அந்த மணலைக் கேட்டுக்கொண்டிருந்தவன் நான். அது எங்கே தொடங்கி எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். சீக்கிரம் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது அப்பாவின் கட்டில் பக்கத்தில் நின்றது நான்தான். உங்கள் மனைவியின் குரலில் அதைக் கேட்ட முதல் நாளே அடையாளம் தெரிந்துவிட்டது. சளி என்று நினைத்ததாகச் சற்று முன்னால் சொன்னேன். அது சரியில்லை. சளி என்று நினைக்க ஆசைப்பட்டேன்.

ஏன் என்று கேட்பீர்கள். பயந்த பெண், அவளைப் பயமுறுத்த மனசு வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய்யில்லை. ஆனால் டாக்டர் கைவைத்தால் அந்த மணல் போய்விடும், மணல் போனால் அந்தக் குரலும் போய்விடும் என்பதும் எனக்குத் தெரியும். இன்னும் நாலைந்து பாட்டு மிச்சம் இருந்தது. அதுவரைக்கும் அது இருக்கட்டும் என்று நினைத்தேன். அதுவரைக்கும் மட்டும்தான்.

கடைசிப் பாட்டு முடிந்தபோது, "இனிமே டாக்டரைப் பாத்துடலாம்மா" என்று நானே சொன்னேன். சொன்னேனா இல்லையா, நீங்களே சொல்லுங்கள். நான்தான் வண்டி பிடித்துக் கொடுத்தேன்.

குரல்வளையை எடுத்த பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நீங்கள் மருந்து வாங்கக் கீழே போயிருந்தீர்கள். அவளால் பேச முடியாது. என் கையைப் பிடித்துத் தன் கழுத்துக் கட்டின் மேல் வைத்தாள். பிறகு விரலை நீட்டி என் காதைத் தொட்டாள். இரண்டு தடவை அப்படிச் செய்தாள். கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதை நான் நன்றி என்றுதான் எடுத்துக்கொண்டேன். வேறு என்னவாக இருக்க முடியும்?

இவ்வளவுதான் மாப்பிள்ளை. உங்கள் மனைவியைக் கொன்றது நோய் என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள். அந்த நோய்க்கு வேண்டிய நாட்களைக் கொடுத்தது நான். யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், நானும் வந்து இதையே சொல்கிறேன்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அவள் பேசினது இருந்தது. நேற்று உங்கள் போன் வந்த பிறகு கூரை மைக்கில் விழுந்தது அத்தனையையும் உட்கார்ந்து கேட்டேன். பால், பூனை, வீட்டுப்பாடம், உங்களைக் கேலி செய்தது, எல்லாம் இருந்தது. பெண்ணை அதட்டிவிட்டு உடனே "சரி சரி, அழாதே, வந்துட்டேன்" என்று சொல்வாளே, அது பல தடவை இருந்தது. ஆனால் ஒவ்வொரு திட்டுக்கும் குரல் கொஞ்சம் கொஞ்சமாக அறுந்துகொண்டு போவதும் அதில் இருந்தது. குழந்தை அதைக் கேட்டால் என்ன ஆகும்? நீங்கள்தான் தாங்குவீர்களா? நான் சொல்லித் தெரிந்துகொள்வது வேறு, காதால் கேட்பது வேறு.

அதனால் இன்று காலையில் அதை முழுவதும் அழித்துவிட்டேன். ஒரு வார்த்தை மிச்சமில்லை.

இதைக் கொண்டுபோங்கள். ரிப்பனில் பதிந்த பாட்டுகள். வீட்டுக்குப் போய்ப் பெண்ணுக்குப் போட்டுக் காட்டுங்கள். இதில் ஒன்றும் தெரியாது. உங்கள் இரண்டு பேருக்கும் என்னால் செய்ய முடிந்தது இந்தச் சின்ன உதவிதான்.